மலையில் ஓடும் அரசு வண்டிகளுக்குக் கணக்கு: போன், ஷீட், ஜி.பி.எஸ். வைத்துத் தொடங்குவது எப்படி?

குன்னூர்ப் பக்கம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் வண்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். குப்பை டிப்பர், தண்ணீர் லாரி, ஜீப் எல்லாம் சேர்த்து 11 வண்டிகள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஷீட், அடுத்து போனில் ஒரு ஃபார்ம், கடைசியில் ஜி.பி.எஸ். கருவி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கணக்கு இல்லாத இடத்தில் கருவியை மாட்டினால் வரைபடத்தில் புள்ளி நகர்வதைப் பார்க்கலாம், அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

1. வண்டிப் பட்டியல்

கூகுள் ஷீட்டில் ஒரு வண்டிக்கு ஒரு வரி. பதிவு எண், பதிவான தேதி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தரப்பில் தரும் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று முடியும் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு, முடியும் தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழிக்கச் சொல்லுங்கள். மீதி நாள் 30-க்குக் கீழே வந்தால் கட்டம் சிவப்பாகட்டும்.

லாரி, டிப்பர் போன்ற வண்டிகளுக்கு முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அப்புறம் வருடா வருடம். பதிவான தேதியை ஏன் கேட்கிறேன் என்றால், அரசு வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் அதுதான் விதி. புது வண்டிக்கு நிதி கேட்டு வாங்க நாள் பிடிக்கும் என்பதால் 13-ஆம் வருடமே கோப்பைத் தொடங்குங்கள். எஃப்.சி. தேதியைக் கவனிக்காமல் விட்டு எங்கள் டிப்பர் ஒன்று பத்து நாள் ஷெட்டில் நின்றது. அந்தத் தெருக்களில் தேங்கிய குப்பையை நான் இன்னும் மறக்கவில்லை.

2. லாக் புக்குக்குத் துணையாக ஒரு ஃபார்ம்

கூகுள் ஃபார்மில் நாலே கேள்வி: வண்டி எண், மீட்டர் கிலோமீட்டர், அடித்த டீசல் லிட்டர், எந்த ரூட். கியூ.ஆர். கோடாக அச்சடித்து டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். ஷெட்டில் சிக்னல் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும், வழியில் நம்பமுடியாது. மீட்டரின் படத்தையும் கேட்கலாம், ஆனால் அதற்கு ஓட்டுநர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். வண்டியின் தினசரி ஓட்டத்தை எழுதும் காகித லாக் புக்கை நிறுத்தாதீர்கள், தணிக்கைக்கு அதுதான் கேட்பார்கள்.

3. டீசல் கணக்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். டேங்க் ஃபுல் முறை எளிது. ஒருநாள் ஃபுல் டேங்க் அடிக்கும்போது மீட்டர் 48,210 என்று வையுங்கள். அடுத்த முறை ஃபுல் அடிக்கும்போது 48,398, பிடித்த டீசல் 47 லிட்டர். ஓடியது 188 கிலோமீட்டர், அதை 47-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். இடையில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இந்த 4 நல்லதா கெட்டதா? கம்பெனி சொன்ன மைலேஜோடு ஒப்பிட்டால் ஓட்டுநர் திருடராகத் தெரிவார். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் பார்த்தேன். எங்கள் மூத்த ஓட்டுநர் அண்ணன் லாக் புக்கைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "சார், டவுனுக்குள்ள சுத்துற வண்டியும் பர்லியார் இறங்கி ஏறுற வண்டியும் ஒண்ணா? லோடோட ஏறும்போது ரெண்டாவது கியரை விட்டு எடுக்க முடியாது" என்றார். பர்லியார் மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையில் கீழே இருக்கும் ஊர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டரில் 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறோம். சமவெளி மைலேஜ் இங்கே எப்படிப் பொருந்தும்? அதனால் ஒரு வண்டியை, அதே வண்டி அதே ரூட்டில் போன மாதம் எடுத்த அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். மைலேஜ் திடீரென்று குறைந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, டயரில் காற்று குறைவா என்று பாருங்கள்.

மைலேஜுக்குப் பரிசோ தண்டனையோ வேண்டவே வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நெருக்கடியில்தான் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் நடக்கும். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லையென்றால் டீசல் அநேகமாகப் போகவே போகாது, ஆகவே நியூட்ரலில் மிச்சம் ஒன்றுமில்லை. இன்ஜினை அணைத்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், ஏர் பிரேக்குக்குக் காற்றும் ஏறாது.

4. ஜி.பி.எஸ்.

ஏ.ஐ.எஸ். 140 (வண்டியின் இருப்பிடம் காட்டும் கருவிகளுக்கான இந்தியத் தரம்) தரத்துக்கு உட்பட்ட கருவியாகக் கேளுங்கள். இடத்தைக் கண்டுபிடிப்பது செயற்கைக்கோளால், நமக்கு அனுப்புவது அதிலுள்ள சிம்மால். சிக்னல் இல்லாத வளைவுகளில் தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். திரையில் வண்டி நிற்பதாகத் தெரிந்தால் உடனே ஓட்டுநருக்குப் போன் போடாதீர்கள். கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்று முதலில் பாருங்கள்.

பள்ளத்தாக்கில் மலை வானத்தை மறைப்பதால் புள்ளி கொஞ்சம் தள்ளிக் காட்டும். வண்டி வந்துசேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வரைபடத்தில் குப்பைக் கிடங்கைச் சுற்றி எல்லை வரைந்தால் 50 மீட்டர் போதாது, 200 மீட்டர் வையுங்கள். வேக எச்சரிக்கையை மலைப்பாதைக்குத் தனியாக மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறோம். முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று: இன்ஜின் ஆஃப், ஆனால் வண்டி நகர்கிறது. அது வந்தால் அன்றே ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நின்றபடி இன்ஜின் ஓடுவதை வீண் என்று எழுதிவிடவும் கூடாது. குளிர் காலையில் பிரேக்குக்கான ஏர் டேங்க் நிரம்பும்வரை லாரி நின்றுதான் ஆக வேண்டும். குப்பை அமுக்கும் வண்டி இன்ஜின் விசையில்தான் அமுக்குகிறது. இப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டரோடு இன்ஜின் ஓடிய மணிக்கணக்கையும் எழுதுங்கள்.

கருவி மாட்டுவதற்கு முன்பே ஓட்டுநர்களிடம் சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதம் யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை டீ நேரத்தில் அவரவர் வண்டியின் வரிகளை அவரவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பர்லியார் ரூட் டிப்பருக்கு டீசல் அளவை உயர்த்தக் கேட்டபோது அந்த மூன்று மாத ஷீட்டைத்தான் இணைத்தேன். ஒப்புதல் வந்தது.