நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கும் முன்

ஓராண்டில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் ஈட்டும் நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்வதால், உங்கள் ஊர் அறக்கட்டளை முதலில் அணுக வேண்டியது அருகிலுள்ள தொழிற்சாலையைத்தான். ஆனால் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், அதே வகைப் பணியில் 3 ஆண்டு அனுபவமும், சமூகப் பொறுப்பு நிதியில் பணி செய்ய அரசிடம் பதியும் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் வழியே கிடைக்கும் பதிவு எண்ணும் இல்லையென்றால், எவ்வளவு நல்ல பணியானாலும் கோப்பு நகராது. கோரிக்கைக் கடிதத்தில் ‘கல்விக்கு உதவி’ என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பள்ளிக்கு எத்தனை மேசைகள், என்ன விலை, பிறகு யார் பராமரிப்பார்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, கடைக்காரரின் விலைப்புள்ளியையும் இணைப்பதே, என் கருத்தில், மிகுந்த பலன் தரும்.