ஒழுங்கையில் ஒரு வீட்டைத் தனிமைப்படுத்தினால்

2020 மார்ச்சில் கொரோனாவால் யாழ்ப்பாணத்துத் தாவடிக் கிராமம் முடக்கப்பட்ட நாட்களில் எங்கள் ஒழுங்கையிலும் ஒரு வீட்டுப் படலையில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள். சுவிஸிலிருந்து வந்திருந்த மகன், அவனுடைய தாய், தகப்பன். 14 நாள் வெளியே வரக்கூடாது. ஊரடங்கில் நாங்களும் அடைபட்டுத்தான் இருந்தோம். அப்போது பழகியதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். சாமான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், கிணறு வராது. எங்களுடையது மூன்று வீட்டுக்கும் பங்குக் கிணறு. அவர்கள் பிடித்த கயிற்றை நாங்களும் பிடிப்பதா என்று முதல் நாளே முணுமுணுப்பு. கிணற்றடிக்கு வராதே என்றால், வேறு வழியையும் நாங்கள்தானே காட்ட வேண்டும்? மோட்டரில் ஹோஸைப் பூட்டி வேலிக்கு மேலால் விட்டேன். அந்த முனையை அவர்கள் மட்டும் தொட்டார்கள். காலை 6 மணிக்குப் போடுவேன். பரல் நிரம்பியதும் தகப்பன் தகரத்தில் தட்டுவார். கரண்ட் பில் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

சாப்பாடு, சாமானுக்கு ஒருவரே பொறுப்பெடுங்கள். எல்லோரும் இரக்கப்பட்டால் ஒரே நாளில் நாலு வீட்டுப் புட்டு வரும், அடுத்த நாள் ஒன்றும் வராது. படலைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போடுங்கள். பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுங்கள். பாத்திரம் வேண்டாம், திரும்பி வரும், வாழையிலை போதும். நான் முதல் நாள் மீன்குழம்புச் சட்டியோடு படலைக்குள் போய்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். அவர் சொன்னது சரிதான். குழம்பும் நல்ல குழம்புதான்.

மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறதென்று முதல் நாளே எண்ணச் சொல்லுங்கள். கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு பிறகுதான் வந்தது. அந்த வீட்டுத் தாயை நாங்கள் மாமி என்போம். மாமியின் பிரஷர் குளிசைக்கு, கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து வைபரில் அனுப்பி, கிராம சேவகருக்குப் போன் எடுத்தோம்.

அப்புறம் விடுப்பு, அதாவது ஊர் வம்பு. இதற்குத்தான் மருந்தில்லை. “உங்கட ஒழுங்கையில மூண்டு பேருக்கு வந்திட்டுதாமே?” என்று லண்டனிலிருந்து தங்கச்சி கேட்டாள். இங்கே ஒருவருக்கு இருமல்கூட இல்லை. நோட்டீஸ் ஒட்டியது வந்துவிடாமல் பார்க்க, வந்துவிட்டதென்று அல்ல. அதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பின்னேரத்தில் போன் எடுத்து நோயைத் தவிர வேறு எதையாவது கதையுங்கள். நானும் மாமியும் முருங்கைக்காய்ப் பிஞ்சு உதிர்வதைப் பற்றியே இரண்டு கிழமை கதைத்தோம்.

நோட்டீஸ் கழன்ற அன்று அவர்களைக் கிணற்றடிக்கு நீங்களே கூப்பிடுங்கள். தாங்களாக வரத் தயங்குவார்கள். மாமி வாளியைத் தொட முன் என் முகத்தைப் பார்த்தார்.