பால்டிமோர்: காற்றும் ஓதமும் ஆளும் துறைமுகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் தென்மேற்கு ஓரத்தில், கார்க் மாவட்டத்தில் இருக்கிறது பால்டிமோர். சில நூறு பேர் வாழும் மீனவக் கிராமம். எதிரே ஷெர்கின் தீவு அட்லாண்டிக்கின் வேகத்தைத் தாங்கி நிற்பதால் துறைமுகத்துக்குள் நீர் அடங்கியிருக்கும். ஷெர்கினுக்கு அப்பால் கேப் கிளியர் தீவு, அதற்கும் அப்பால் ஃபாஸ்ட்நெட் கலங்கரை விளக்கம். இந்த ஊருக்கு வருகிறவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்புவதற்கு ஊர் காரணமல்ல. கடற்காற்றும் ஓதமும் நேரத்தைத் தீர்மானிக்கிற இடத்துக்குத் தங்கள் கால அட்டவணையைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள்.

முதல் தவறு, "போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்" என்ற நினைப்பு. பால்டிமோர் எந்த ஊருக்கும் போகிற வழியில் இல்லை. சாலை அங்கே கடலில் முடிகிறது. டப்ளினிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நிறுத்தாமல் ஓட்டினாலும் நான்கரை மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப நினைப்பவர்களுக்குக் கார் கண்ணாடியும் கழுத்து வலியும்தான் மிச்சம். இரண்டு இரவாவது தங்க முடியாதென்றால், டப்ளினுக்குப் பக்கத்திலுள்ள ஹௌத் துறைமுகத்துக்குப் போய்விட்டு வருவதே நல்லது என்பேன்.

விசா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டுத் திட்டத்தின் குறிப்பு இடம்பெற்ற பிரிட்டன் விசா இருந்தால் முதலில் பிரிட்டனில் இறங்கிவிட்டு அங்கிருந்து அயர்லாந்து வரலாம். அந்தக் குறிப்பு இல்லாத பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு இந்தத் திட்டத்தில் வர முடியாது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இத்திட்டம் பொருந்தாது.

ரயிலை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். 1893-இல் பால்டிமோர் வரை வந்த ரயில் பாதை 1961-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று ரயில் கார்க் நகரத்தோடு நின்றுவிடும். மீதிப் பயணம் சாலையில்தான், காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம் ஓட்டுவதால் எளிது என்று தோன்றும். ஆனால் வழியிலுள்ள ஸ்கிபரீன் என்ற ஊரைத் தாண்டிய பிறகு கிளைச் சாலைகள் ஒற்றைக் கார் அகலத்துக்குச் சுருங்கி, இருபுறமும் கல்சுவரும் முட்புதரும் உரசும். 2025 பிப்ரவரியிலிருந்து இத்தகைய கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வளைவுகளில் அந்த அறுபதே அதிகம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். வழி விட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டுவது உள்ளூர் வழக்கம். பதிலுக்கு நீங்களும் விரலை உயர்த்துங்கள். பெட்ரோல், மருந்து, மளிகை எல்லாவற்றையும் 13 கிலோமீட்டர் முன்னதாக ஸ்கிபரீனிலேயே வாங்கிவிடுவது உத்தமம்.

தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவது பலரும் செய்யும் பெரிய பிழை. காற்று பலமாக இருந்தால் படகு போகாது. அதில் முறையீட்டுக்கு இடமில்லை, படகோட்டி சொல்வதே தீர்ப்பு. முதல் நாளிலேயே தீவுக்குப் போகத் திட்டமிடுங்கள். படகு ரத்தானால் மறுநாள் கையில் இருக்கும். இரண்டு தீவுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. ஷெர்கின் சுமார் பத்து நிமிடப் பயணம். இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே, 1537-இல் வாட்டர்ஃபோர்டு நகரத்தார் பழிவாங்க வந்து எரித்த பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடு. கேப் கிளியருக்கு முக்கால் மணி நேரத்துக்கு நெருக்கமாகிவிடும். ஐரிஷ் மொழி பேசும் தீவு அது. படகுத்துறையிலிருந்தே சாலை செங்குத்தாக ஏறுகிறது, முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும். ஃபாஸ்ட்நெட் போகும் படகும் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறையைச் சுற்றித்தான் வரும்; அதில் இறங்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக்கொள்வது அவசியம். விட்டுவிட்டால் இரவு தீவில்தான்.

ஊரின் அடையாளம், துறைமுக வாயிலின் கிழக்கு முனையில் நிற்கும் வெள்ளைக் கூம்பு. கப்பல்களுக்கு வழிகாட்டக் கட்டிய பீக்கன் அது, சுமார் 15 மீட்டர் உயரம். கிராமத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் பலர் காரில் போய், சாலை முடிவில் நாலைந்து வண்டிக்கு மேல் நிற்க முடியாத இடத்தில், விவசாயியின் கேட்டை மறித்து நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட ஆபத்தான தவறு மேலே நடக்கிறது. கூம்பைச் சுற்றி வேலியோ கைப்பிடியோ கிடையாது. புல் சரிந்துகொண்டே போய்ச் சட்டென்று பாறை விளிம்பில் முடிகிறது. மழை பெய்த பிறகு அந்தப் புல் எண்ணெய் தடவியது போல வழுக்கும். காற்றோ ஒரே சீராக வீசாது. நின்று, பிறகு தள்ளும். செல்ஃபிக்காகப் பின்னால் ஓரடி வைக்கிற இடமல்ல அது. பிள்ளைகளின் கையை விடவே கூடாது. குடையும் அங்கே எதற்கும் உதவாது, மழை பக்கவாட்டில் வரும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் பிடிமானமுள்ள காலணியும் போதும்.

கீழே படகுத்துறையும் வேலைத்தலம்தான். நண்டுக்கூடுகள், சுருட்டிய கயிறுகள், வலைகள் எல்லாம் ஒருவருடைய பிழைப்பு. அவற்றின் மேல் உட்கார்ந்து படம் எடுப்பது அழகல்ல. கடலுக்குள் இறங்கும் சாய்தளத்தில் பச்சையாகப் படிந்திருக்கும் பாசியில் கால் வைக்காதீர்கள்.

லாக் ஹைன் என்ற உப்புநீர் ஏரி ஊரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது. அயர்லாந்தின் முதல் கடல்சார் இயற்கைக் காப்பகமாக 1981-இல் அறிவிக்கப்பட்டது. அமைதியான குளம் என்று நினைத்து நீந்துகிறவர்கள் அதன் வாயைக் கவனிப்பதில்லை. ஒடுங்கிய பாறைக் கால்வாய் ஒன்றின் வழியாகத்தான் கடல் உள்ளே வருகிறது. சுமார் நான்கு மணி நேரம் உள்ளே பாயும், எட்டரை மணி நேரம் வெளியே வடியும். கால்வாயின் அடியில் பாறை மேடு குறுக்கே இருப்பதால், வெளியே கடல் தாழ்ந்த பிறகும் ஏரி நீர் மெதுவாகவே வடிகிறது. அந்தக் கால்வாயில் ஓட்டம் ஆளை இழுத்துவிடும். அதனருகே நீந்தக் கூடாது. கடல் முள்ளெலிகளையோ சிப்பிகளையோ எடுத்துவரவும் கூடாது. இரவில் துடுப்பு பட்ட இடமெல்லாம் நீர் ஒளிர்வதைப் பார்க்கக் கயாக் பயணம் போகிறவர்கள், பௌர்ணமியை ஒட்டிய நாளில் முன்பதிவு செய்துவிட்டு வருந்துகிறார்கள். அமாவாசைப் பக்கம் வாருங்கள். நிலா வெளிச்சத்தில் அந்த ஒளி மங்கிவிடும்.

கடலில் யாராவது சிக்கினால் தாமே குதிப்பது கூடாது. 112 அல்லது 999 அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். இங்கே 1919 முதல் மீட்புப் படகு நிலையம் இயங்குகிறது. அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். 2011 ஆகஸ்டில் ராம்ப்ளர் 100 என்ற பந்தயப் பாய்மரப் படகு ஃபாஸ்ட்நெட் அருகே கவிழ்ந்தபோது, அதன் வயிற்றின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த 16 பேரை இந்த நிலையத்தார் மீட்டார்கள். அலையில் விலகிப்போன மற்ற ஐவரை ஒரு முக்குளிப்புப் படகு கண்டெடுத்தது. 21 பேரும் பிழைத்தார்கள். அங்கே உண்டியலைக் கண்டால் தயங்காமல் போடுங்கள்.

ஊர் நடுவிலுள்ள டூன் நா ஷேட் கோட்டையை வெளியிலிருந்தே படம் எடுத்துவிட்டு நகர்வதும் இழப்புதான். ஓ'டிரிஸ்கால் குலத்தாரின் கோட்டை அது. கோடையில் திறந்திருந்தால் உள்ளே போங்கள். 1631 ஜூன் 20 அன்று அல்ஜியர்ஸிலிருந்து வந்த கடற்கொள்ளையர் இந்தக் கரையில் இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டு மூன்று பேரே. கோட்டை மேலிருந்து பார்த்தால் அந்தக் கொள்ளையர் எந்த நீரில் வந்திருப்பார்கள் என்பது விளங்கும்.

கடைசியாக, வெளிச்சத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வானம் வெளுத்திருக்கும். சமையலறைகளோ ஒன்பதுக்குள் அடங்கிவிடும். பப்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் இருக்கலாம், ஆனால் மே முதல் செப்டம்பர் வரை இரவு பத்து மணியோடும் மற்ற மாதங்களில் ஒன்பது மணியோடும் வெளியேற வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சௌடர் என்ற வெண்ணிறச் சூப்பைப் பால் சூப் என்று வாங்கிவிட வேண்டாம், அதில் மீன்தான் பிரதானம். மதியமே கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் இரவுக்கு ஏதாவது செய்து தருவார்கள்.