விசைப்படகுக்குப் புது பேட்டரி: வாங்கும் முன் அளப்பதில் இருந்து தடைக்காலப் பராமரிப்பு வரை

செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. இந்த நிலையில் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போகாதீர்கள். பேட்டரியைக் கெடுத்த கோளாறு படகிலேயே இருந்தால், அடுத்து வைக்கும் பேட்டரியையும் அது விட்டுவைக்காது. ஆகவே முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர்.

கீழே சொல்வதெல்லாம் லாரி வகை டீசல் இன்ஜின் பூட்டிய, 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் மீன்பிடி விசைப்படகுகளுக்கானது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள அவுட்போர்டு படகுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: பழைய பேட்டரியை அளந்து பாருங்கள்

இன்ஜினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு அளக்க வேண்டும். இன்ஜின் நின்ற உடனே அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். 12.7 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்கட்டும். முழு சார்ஜ் ஏறிய பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் அது பலவீனம். 10.5-க்கு மேல் நின்றும் இன்ஜின் மந்தமாகச் சுற்றினால், கேபிளையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகப்படுங்கள். கேபிளைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளோ அதன் நுனியில் உள்ள லக்கோ (இணைப்பு வளையம்) உப்பு அரித்துப்போனது. அந்தப் படகுக்கு முதலில் தேவை புது கேபிள்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். 24 வோல்ட் படகில் 27.6 முதல் 28.8. குறைந்தால் பெல்ட், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். 12 வோல்ட் படகில் 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அது பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே வற்றடித்துவிடும்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டு ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1190-க்குக் கீழே இருந்தால் அந்தச் செல் செத்துவிட்டது. என்ன சார்ஜ் போட்டாலும் திரும்பாது.

படி 2: கசியும் மின்சாரத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது யாரும் செல்ஃப் சாவியைத் தொடக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 0.2 காட்டினால்? ஒரு நாளைக்கு 4.8 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு), 30 நாளில் 144 ஏஎச். 150 ஏஎச் பேட்டரி ஒரே மாதத்தில் ஓசைப்படாமல் காலியாகிவிடும். பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்த லைனில்தான் கசிவு. ஈரம் ஏறிய டெக் லைட் இணைப்புதான் அடிக்கடி சிக்கும்.

படி 3: எத்தனை ஏஎச் வேண்டும்?

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வேறு, இரவெல்லாம் விளக்கும் கருவிகளும் ஓட்டும் பேட்டரி வேறு. முதல் வகையில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும், ஆனால் அடிக்கடி காலியானால் தகடு உதிர்ந்துவிடும். இரண்டாவது வகையான டியூபுலர் பேட்டரி நேர் எதிர். நிதானமாக நெடுநேரம் கொடுக்கும், செல்ஃப் மோட்டாரின் இழுப்புக்கு ஈடுகொடுக்காது. தங்குகடலுக்கு (கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்க) போகும் படகில் இரண்டையும் தனித்தனியாக வைப்பதுதான் என் அழுத்தமான பரிந்துரை. விளக்கு எரிந்து பேட்டரி தீர்ந்தாலும் இன்ஜின் கிளம்பியே ஆக வேண்டும். நடுக்கடலில் அது உயிர்ப் பிரச்சினை.

12 வோல்ட் படகின் ஓர் இரவுக் கணக்கு இது. 10 வாட் எல்இடி நான்கு, 10 மணி நேரம்: 33 ஏஎச். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர், 12 மணி நேரம்: 18. விஎச்எஃப் வயர்லெஸ் கேட்பதற்கு 6, பேசுவதற்கு இரண்டரை. தண்ணீர் இறைக்கும் பம்பு 4. மொத்தம் 63.5 ஏஎச். ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் இரண்டால் பெருக்குங்கள்: 127. கடையில் 150 ஏஎச் கேளுங்கள்.

செல்ஃப் பேட்டரிக்கு இன்ஜின் கையேட்டில் போட்டிருக்கும் ஏஎச், சிசிஏ அளவுக்குக் குறையாமல் வாங்கினால் போதும். சிசிஏ என்பது செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதை மைனஸ் 18 டிகிரிக் குளிரில் அளப்பது. நம் கடற்கரையில் அதைத் துரத்திக்கொண்டு கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

லித்தியம் பற்றி: விளக்குகளுக்கு அருமையானது, எடையும் குறைவு. ஆனால் சாதாரண ஆல்டர்னேட்டரில் நேராகக் கோத்தால் அது இழுக்கும் வேகத்தில் ஆல்டர்னேட்டர் சூடாகும். நடுவில் அதன் பாதுகாப்பு சர்க்யூட் பட்டென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடும் போகலாம். இடையில் டிசி-டிசி சார்ஜர் வைக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

படி 4: கடையில்

எக்ஸைடா அமரானா என்ற விவாதத்தைவிடத் தயாரித்த தேதி முக்கியம். அதைப் பாருங்கள், கடைக்காரர் முன்னாலேயே மீட்டர் வையுங்கள். 12.5-க்குக் குறைந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். வாகன பேட்டரியைப் படகில் வைத்தால் வாரண்டி செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும்.

படி 5: 24 வோல்ட் படகில் எல்லாரும் தடுக்கி விழும் இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்தது. ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் 12 வோல்ட் என்று கீழ் பேட்டரியிலிருந்து (இன்ஜினோடு மைனஸ் கோத்திருக்கும் பேட்டரி) மட்டும் ஒரு ஒயர் இழுத்துவிடுகிறார்கள். வேலை செய்யும், உண்மைதான். ஆனால் இரண்டு ஆம்பியர் வீதம் 12 மணி நேரத்தில் கீழ் பேட்டரி மட்டும் 24 ஏஎச் இழக்கிறது, மேல் பேட்டரி நிறைந்தபடியே நிற்கிறது. ஆல்டர்னேட்டருக்கோ மொத்த வோல்ட் மட்டும்தான் தெரியும். மொத்தம் 28.2 என்று சரியாகக் காட்டும்போதே கீழ் பேட்டரியில் 13.1, மேல் பேட்டரியில் 15.1 ஓடிக்கொண்டிருக்கும். கீழே இருப்பது சார்ஜ் ஏறாமல் சாகும், மேலே இருப்பது கொதித்துச் சாகும். இரண்டும் வேறு வேறு விதமாகக் கெடுவதால் 'கம்பெனி சரியில்லை' என்று பிராண்டு மாற்றுவார்கள், ஒயரை மாற்ற மாட்டார்கள்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், நடுவிலிருந்து 12 வோல்ட்டுக்கு இழுத்த இந்த ஒயர்தான் முதல் சந்தேகம்.

தீர்வு, 24-இலிருந்து 12 வோல்ட் தரும் ஒரு கன்வெர்ட்டர். வயர்லெஸ் பேசும்போது 6 ஆம்பியர், மற்றவை 3 என்றால் மொத்தம் 9. ஆகவே 15 ஆம்பியர் கன்வெர்ட்டர் வாங்குங்கள். 12 வோல்ட்டுக்கு இழுத்த அந்த நடு ஒயரை (இரண்டு பேட்டரியையும் கோக்கும் கேபிளை அல்ல) முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள், சும்மா தொங்க விடாதீர்கள். இரண்டு பேட்டரியையும் ஒரே கம்பெனி, ஒரே ஏஎச், ஒரே தேதியில் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்று கோத்தால் மேலே சொன்ன அதே கதைதான்.

படி 6: மாற்றுவது

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் இன்ஜினில் இடித்தால் தீப்பொறி பறக்கக் கூடாது, அதற்காகத்தான். ஒயரை உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், மூடிய இன்ஜின் அறையில் அது வெடிக்கும்.

பேட்டரி உட்காரும் பெட்டி, அடியில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில், காற்றோட்டத்துடன் இருக்கட்டும். கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு வரும். அலையில் படகு ஆடும்போது பேட்டரி ஓர் அங்குலம்கூட நகராதபடி பெல்ட் போட்டு இறுக்குங்கள்.

கேபிள் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். போக வர 6 மீட்டர், 300 ஆம்பியர் என்றால் 35 சதுர மி.மீ. கேபிளில் 0.9 வோல்ட் வீணாகும். 70 சதுர மி.மீ. என்றால் 0.45. வெல்டிங் கேபிள் மலிவுதான், ஆனால் உப்புக்காற்றில் அதன் செம்பு உள்ளுக்குள் பச்சை பிடித்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் வாங்கி, லக்கைக் கருவியால் நசுக்கி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாய் போடுங்கள்.

பராமரிப்பு

தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜில் பொங்கி ஆசிட் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது முங்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு எதுவும் கூடாது. ஆசிட் ஊற்றவே கூடாது.

டெர்மினலில் வெள்ளை பூத்தால், செல் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள். சோடா செல்லுக்குள் போனால் ஆசிட் வீணாகும்.

இனி மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதுவும் உச்ச வெயிலில். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இறங்கிய பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். கரைக்கு வந்ததும் முழு சார்ஜ் போட்டு, மைனஸைக் கழற்றி, முடிந்தால் நிழலுக்குக் கொண்டுபோங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளந்து, 12.5-க்குக் கீழே போனால் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் போடுங்கள், 150-க்கு 15.

பிற்சேர்க்கை: கேட்கப்பட்ட கேள்விகள்

'மைனஸைக் கழற்றினால் தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றுவிடுமே?' நியாயமான கேள்வி. படகு தண்ணீரில் நின்றால் பம்புக்குச் சார்ஜ் உள்ள பேட்டரி ஒன்று எப்போதும் வேண்டும். பம்பின் தானியங்கி சுவிட்சை மெயின் சுவிட்சுக்கு முன்பே தனி பியூஸுடன் கோத்து, மெயின் சுவிட்சை மட்டும் அணையுங்கள்.

'ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?' வேண்டாம். கேன் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது.

'இன்ஜின் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைத்தேன், அதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை.' ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். போக வழியில்லாத மின்சாரம் ஒரு கணத்தில் எகிறி அதை அடித்துவிடும். டையோடு பிளேட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். முழு ஆல்டர்னேட்டரும் வாங்க வேண்டியிருக்காது.