வீட்டு ஓவனில் சார் சியு: கறி வேகும்வரை சர்க்கரை கருகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

தென்சீனாவின் காண்டன் பகுதிச் சீனர்களின் சுட்ட பன்றிக்கறிக்குச் சார் சியு என்று பெயர். சார் என்றால் கவைக்கம்பி, சியு என்றால் நெருப்பில் வாட்டுவது. நீளத் துண்டுகளைக் கம்பியில் குத்தி வாட்டியதால் வந்த பெயர். ஹாங்காங், குவாங்சோ கடைகளில் அதைக் கொக்கியில் மாட்டி, உயரமான அடுப்புக்குள் தொங்கவிட்டுச் சுடுகிறார்கள். நாலாபுறமும் சூடு படும், கொழுப்பு கீழே வழிந்துவிடும், கறி தன் சாற்றிலேயே கிடந்து வேகாது. இவை மூன்றையும் வீட்டு ஓவனில் ஓரளவு கொண்டுவந்துவிடலாம். சிரமம் சர்க்கரையில்தான் இருக்கிறது. இனிப்பு இல்லாமல் சார் சியு இல்லை. அந்த இனிப்போ கறியின் நடுப்பகுதி வேகும் முன்பே கருகத் தொடங்கும். இந்தச் செய்முறையின் ஒவ்வொரு படியும் அதைச் சமாளிக்கத்தான்.

கறி வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. கழுத்தை ஒட்டிய தோள்பட்டைக் கறிதான் வேண்டும். காண்டனீய மொழியில் அதை முய் தாவ் என்பார்கள். சதைக்கு நடுவே கொழுப்பு நரம்பு நரம்பாக ஓடியிருக்க வேண்டும். ஹாங்காங் கடைகளில் பாதி கொழுப்பு, பாதி சதை என்று சொல்லிக் கேட்டு வாங்குவது இந்தக் கொழுப்புக்காகத்தான். முதுகுக் கறியோ உள்தொடைக் கறியோ பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் உருகிச் சதையை நனைக்க அதில் கொழுப்பு இல்லை, மசாலா எவ்வளவு நன்றாக இருந்தாலும் வறண்டுதான் போகும். தோள்பட்டை கிடைக்காவிட்டால் வயிற்றுக்கறி பரவாயில்லை. தோலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

1 கிலோ கறியை, தசைநாரின் போக்கிலேயே, 20 செ.மீ. நீளமும் 4 முதல் 5 செ.மீ. கனமும் உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே காய்ந்துவிடும். தடிமனாக இருந்தால் வெளியே கருகி, உள்ளே வேகாமல் நிற்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே கனமாக இருப்பது முக்கியம்.

கலவைக்கு: சர்க்கரை 60 கிராம், ஹாய்சின் சாஸ் (சோயாவில் செய்த, கெட்டியான இனிப்புச் சீனச் சாஸ்) 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, ஆய்ஸ்டர் சாஸ் (சிப்பிச் சாஸ்) 1 மேசைக்கரண்டி, ஷாவ்சிங் அரிசி மது 2 மேசைக்கரண்டி, சிவப்பு நொதித்த டோஃபு (ஜாடியில் ஊறி நொதித்த சோயாப் பன்னீர்) 2 கட்டி, அது ஊறியிருக்கும் சாறு 1 மேசைக்கரண்டி, ஐந்து மசாலாப் பொடி (நட்சத்திர சோம்பு, பட்டை, கிராம்பு முதலியவை கலந்த சீன மசாலா) முக்கால் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 4 பல். நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்த கருநிற எண்ணெயாக இருந்தால் வாசனை சரியாக வரும். மெய் குவெய் லு என்ற ரோஜா மணமுள்ள சோள மது கிடைத்தால் ஷாவ்சிங்கில் பாதியை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். அதைவிட அதிகம் வேண்டாம், வாசனைத் திரவியம்போல் தூக்கிவிடும்.

இந்தப் பட்டியலில் விட்டுவிடக் கூடாத ஒன்று சிவப்பு நொதித்த டோஃபு. அதன் சிவப்பு, செந்நொதி அரிசியிலிருந்து, அதாவது பூஞ்சை வளர்த்துச் சிவக்கவைத்த அரிசியிலிருந்து வருகிறது. நிறத்தோடு, ஆழமான உப்பு ருசியையும் அதுதான் தருகிறது. வெள்ளை நொதித்த டோஃபுவில் இந்த நிறம் கிடைக்காது, ஜாடியைப் பார்த்து வாங்குங்கள். பல கடைகளில் தெரியும் பளீர்ச் சிவப்பு உணவுச் சாயம். வீட்டில் செய்வது செம்பழுப்பாகத்தான் வரும். அது குறையே இல்லை.

டோஃபுவை முதலில் மசித்து, மற்றதைச் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். கரையாத சர்க்கரை கறியின் மேல் திட்டுத்திட்டாக ஒட்டி அங்கங்கே கருகும். கறியைப் பிசறி, மூடி, ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். இடையில் இரண்டு முறை புரட்டிவிடுங்கள். அவசரமென்றால் 8 மணி நேரம் போதும். 48 மணி நேரத்தைத் தாண்டினால் உப்பு சதையை இறுக்கிவிடும், பதப்படுத்திய கறிபோல் கடிபடும்.

சுடுவதற்கு 30 நிமிடம் முன் கறியை வெளியே எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் கலவையை விரலால் வழித்துவிட்டு, பூண்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் தட்டி எடுங்கள். அந்தத் துணுக்குகள்தான் முதலில் கருகிக் கசப்பைக் கொண்டுவருபவை. மீதக் கலவையைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டி, அரை கப் தண்ணீர் சேர்த்து, நன்றாகக் கொதி வந்தபின் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சைக் கறி ஊறிய கலவை என்பதால் கொதிக்காமல் எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

மேல்பூச்சுக்கு 80 கிராம் மால்டோஸ் பாகுடன் (தானியத்திலிருந்து எடுக்கும் கெட்டியான சர்க்கரைப் பாகு), கொதித்த கலவையில் 2 மேசைக்கரண்டி சேர்த்துச் சூடாக்கிக் கரையுங்கள். மால்டோஸ் பிசின்போல் இழுக்கும். ஜாடியை வெந்நீரில் வைத்து, ஈரக் கரண்டியால் எடுத்தால் வரும். தேனும் போடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை 110 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிறம் மாறத் தொடங்கும். மால்டோஸ் சுமார் 180 டிகிரிவரை தாங்கும். இனிப்பும் குறைவு, ஆறியபின் கண்ணாடிபோல் மினுங்கும். தேன்தான் இருக்கிறது என்றால் கடைசிப் பூச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவனுக்கு 180 போதும். ட்ரேயில் அலுமினியத் தாள் விரித்து, 2 கப் வெந்நீர் ஊற்றி, அதன் மேல் தண்ணீரைத் தொடாத உயரத்தில் கம்பித் தட்டை வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பும் சர்க்கரையும் ட்ரேயில் எரிந்து, அந்தப் புகை கறியில் ஏறும். துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து வெளிறிப்போகும்.

20 நிமிடம் சுட்டு, புரட்டி, இன்னும் 12 முதல் 15 நிமிடம். இதுவரை பூச்சு எதுவும் இல்லை. கறியின் நடுவில் தெர்மாமீட்டர் 62 டிகிரியைக் காட்டும்போது ஓவனை 230க்கு ஏற்றி, மேல் பக்கம் பூச்சைத் தடவுங்கள். 5 நிமிடம் கழித்துப் புரட்டி மறுபக்கம் தடவி, மீண்டும் 5 நிமிடம். கடைசியாக ஒரு பூச்சு, 2 அல்லது 3 நிமிடம். இந்தக் கட்டத்தில் ஓவனை விட்டு நகராதீர்கள். பளபளப்புக்கும் கரிக்கும் நடுவே ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஓரங்கள் மட்டும் கறுக்க வேண்டும்; ஹாங்காங்கில் கருகிய ஓரத்தைத் தனியாகக் கேட்டே வாங்குகிறார்கள்.

63 டிகிரியில் எடுத்து 3 நிமிடம் ஆறவிட்டாலே கறி பாதுகாப்பானது. ஆனால் தோள்பட்டைக்கு அது போதாது, கொழுப்பும் நாரும் இளகாமல் ரப்பராக இருக்கும். 72 முதல் 75 வரை போனால்தான் மென்மை வரும். 62ஐ எட்டும் முன்பே மேற்புறம் கறுக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவிட்டு, 160 டிகிரியில் தொடருங்கள். மாறாக, உள்ளே 75 வந்தும் நிறம் பிடிக்கவில்லையென்றால் மேல் கிரில்லை மட்டும் போட்டு 2 நிமிடம் காட்டுங்கள். பூச்சு ஒட்டாமல் வழிந்தால் பாகு நீர்த்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் காய்ச்சினால் பிடிக்கும்.

வெளியே எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரை செ.மீ. கனத்தில் வெட்டுங்கள். கொதிக்கவைத்த மீதக் கலவையைச் சோற்றின் மேல் ஊற்றி, கறியை அடுக்கினால் போதும். மிச்சமானதை வெட்டாமல் துண்டாகவே ஃபிரிட்ஜில் 3 நாள் வைக்கலாம். திரும்பச் சூடாக்க, அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வையுங்கள். ஓரத் துண்டுகளைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, ஆய்ஸ்டர் சாஸில் பிரட்டினால் பாவோ என்ற சீனப் பன்னுக்குள் வைக்கலாம்; கருகிய ஓரத்தின் ருசி அங்கே இன்னும் தூக்கலாகத் தெரியும்.