எல்லாக் காலத்துக்கும் சிறந்த கராஜ் ராக் ஆல்பம் எது? கூட்டாளிகளோடு வாதாடி ஒரே சாயங்காலத்தில் முடிவெடுக்கும் முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று சிதறிக் கிடக்கும் எங்கள் கூட்டாளிகளுக்குக் கராஜ் ராக் என்றால் உயிர். "எதுடா பெஸ்ட் ஆல்பம்?" என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போகும், ராத்திரி ஆகும், முடிவு மட்டும் வராது. இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். சாயங்காலம் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

கராஜ் ராக்கின் முழு வரலாற்றுக்குள் போகவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்கச் சிறு நகரங்களில் பள்ளிக்கூடம் படித்த பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து அடித்த முரட்டு ராக் என்று தெரிந்தால் போதும்.

படி 1: எதுவரை கணக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

1963 முதல் 1967 வரை வந்ததுதான் உண்மையான கராஜ் என்பார் ஒருவர். 2000ஐ ஒட்டிப் பேர் வாங்கிய ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஸ்ட்ரோக்ஸ், ஹைவ்ஸ் குழுக்கள் எல்லாம் கராஜ் இல்லையா என்பார் இன்னொருவர். இதைத் தீர்க்காமல் உள்ளே போகவே கூடாது.

என் கருத்து: எல்லாவற்றையும் ஒரே களத்தில் இறக்குங்கள். காரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த கிங்ஸ்மென் குழு 1963இல் 'லூயி லூயி' பாடலைப் பதிவு செய்தபோது கீபோர்டு வாசித்தவர் டான் கலூச்சி. அதே கலூச்சிதான் 1970இல் ஸ்டூஜஸ் குழுவின் 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர். முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே வேலி போட்டால் இந்த ஒரு மனிதரை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்? அதே போல, ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் வந்த டெட்ராய்ட்தான் அறுபதுகளின் எம்.சி.5 குழு வளர்ந்த ஊரும். சங்கிலி அறுபடவே இல்லை.

'லூயி லூயி' பற்றி நம் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது ஒரு கடலோடியின் பாட்டு. மூன்று நாள் இரவும் பகலும் கப்பலில் போய்த் தன் பெண்ணைப் பார்க்கப் போகிறவன் பாடுவது. எழுதியவர் ரிச்சர்டு பெர்ரி. கிங்ஸ்மென் பாடிய விதத்தில் வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஆபாசமாக இருக்குமோ என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதை எடுத்து விசாரித்தது. கடைசியில் என்ன பாடுகிறார்கள் என்றே விளங்கவில்லை என்று கைவிட்டது.

படி 2: பாட்டையும் ஆல்பத்தையும் குழப்பாதீர்கள்

இந்த இசை பிறந்ததே சிங்கிள் தட்டுகளில்தான், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்னத் தட்டுகளில். உள்ளூர் ரேடியோவில் ஒரு பாட்டு ஓடிவிட்டால் கம்பெனிக்காரர்கள் அவசர அவசரமாக ஓர் ஆல்பம் போடச் சொல்வார்கள். பையன்களிடம் சொந்தப் பாட்டு மூன்றோ நாலோதான் இருக்கும். மீதியை மற்றவர்கள் பாட்டால் நிரப்புவார்கள். ஆகவே "அந்த ஒரு பாட்டு போதும்டா" என்ற வாதம் ஆல்பப் போட்டியில் செல்லாது. 'நைன்ட்டி சிக்ஸ் டியர்ஸ்' 1966இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் இங்கே தட்டு முழுவதும் நிற்க வேண்டும்.

அதே காரணத்தால் தொகுப்புகளும் வெளியே. லென்னி கே தொகுத்து 1972இல் எலெக்ட்ரா வெளியிட்ட 'நகெட்ஸ்' இரட்டைத் தட்டில் 27 பாட்டுகள் இருக்கின்றன. புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான். ஆனால் 27 குழுக்களை ஒரு குழுவோடு மோத விடுவது நியாயமில்லை.

படி 3: எந்தப் பதிப்பு? இங்கேதான் நிதானம் வேண்டும்

எங்கள் வாதங்கள் திரும்பத் திரும்ப முட்டி நின்ற இடம் இது. ஒரே ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்கு வேறு வேறு தட்டைக் கேட்டிருப்போம்.

ஸ்டூஜஸின் 'ரா பவர்' தெளிவான உதாரணம். 1973இல் வந்தது பாடகர் டேவிட் போவி மிக்ஸ் செய்தது, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலந்தது. கிட்டாரும் குரலும் முன்னால் நிற்கும், டிரம்ஸும் பேஸும் எங்கோ பின்னால் இருக்கும். 1997இல் குழுவின் பாடகர் இகி பாப் தானே மறுபடி மிக்ஸ் செய்தது காதைக் கிழிக்கும் அளவுக்குச் சத்தம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாட்டுகள். ஒருவர் "மெலிசா இருக்கு" என்றும் இன்னொருவர் "தாங்க முடியல" என்றும் சொன்னால், இரண்டு பேர் சொல்வதும் சரி.

ஸ்ட்ரோக்ஸின் 'இஸ் திஸ் இட்' வேறு மாதிரிச் சிக்கல். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க சிடியிலிருந்து நியூயார்க் போலீஸைப் பற்றிய பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். அட்டைப் படமும் வேறு. எதைக் கேட்கிறோம் என்று பாட்டு வரிசையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுபதுகளின் அமெரிக்கக் குழுவான சோனிக்ஸின் முதல் ஆல்பம் 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்', 1965. அசல் தட்டில் 12 பாட்டு, அவ்வளவுதான். பிற்காலப் பதிப்புகளில் கடைசியில் கிறிஸ்துமஸ் பாட்டுகளை ஒட்டியிருப்பார்கள். பன்னிரண்டாவது முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடுதல் பாட்டுகள் ஓடினால் ஆல்பம் முடியும் வேகம் கெட்டுப்போகும், மதிப்பெண்ணும் அதோடு இறங்கும்.

அடுத்து மோனோ, ஸ்டீரியோ. மோனோவில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வரும், ஸ்டீரியோவில் இடமும் வலமுமாகப் பிரிந்து வரும். அறுபதுகளின் தட்டு என்றால் மோனோ மிக்ஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் 1966 ஆல்பத்துக்கு மோனோதான் என் தேர்வு. அதில் மண்ஜாடியின் வாயில் மைக்கை வைத்து டாமி ஹால் எழுப்பும் 'குபுகுபு' சத்தம் பாட்டின் நடுவே முட்டிக்கொண்டு நிற்கும். போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஸ்டீரியோ இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்குமே தவிர, அது அன்றைக்குத் தனியாகச் செய்த மோனோ மிக்ஸ் ஆகாது.

கடைசியாக, சத்த அளவு. இதை விட்டால் மற்ற எல்லாம் வீண். பிற்காலத்தில் மறுபடி செய்த வெளியீடுகள் பெரும்பாலும் பழையதைவிட உரக்க இருக்கும். இரண்டு பாட்டைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். ஸ்பாட்டிஃபையில் பிளேபேக் அமைப்புக்குள் வால்யூமைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் கோப்புகள் இருந்தால் லேப்டாப்பில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளைப் போட்டு, சத்த அளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெய்ன் செய்வதுதான் நான் சிபாரிசு செய்யும் வழி. அதில் ஆல்பம் கெய்ன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராக் கெய்ன் போட்டால் ஆல்பத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கமும் சமமாகிவிடும்.

படி 4: இடமும் ஸ்பீக்கரும்

காற்றைப் பார்த்து இடம் முடிவு செய்யுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் உட்கார்ந்தால் காற்று இரைச்சல்தான் கேட்கும், அப்போது வடகடல் பக்கம் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அப்படியே மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகிறவர்களும் கரையில் இருப்பதால் முழுக் கூட்டமும் சேரும். நாங்கள் பெரிய அமர்வை அப்போதுதான் வைக்கிறோம்.

வலைக் கொட்டகை அருமையான இடம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்பீக்கரை மேசையிலோ பீப்பாய் மேலோ வைத்தால் பேஸ் வரும்போது தகரக் கூரை கூடவே அதிரும். ஆல்பத்தில் இல்லாத ஒரு 'ஜர்ர்' எல்லாப் பாட்டிலும் ஏறும். மடித்து வைத்த வலைக் குவியலின் மேல் ஸ்பீக்கரை வையுங்கள். அதிர்வை வலை வாங்கிக்கொள்ளும், சத்தம் சுத்தமாக வரும்.

ப்ளூடூத்தைவிட ஆக்ஸ் வயர் நல்லது என்பேன். யாருக்காவது போன் வந்து பாட்டு நடுவில் அறுபடும் தொல்லை இல்லை. ஆனால் நம் உப்புக் காற்றில் ஜாக் முனை சீக்கிரம் களிம்பு பிடிக்கும். காய்ந்த துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஹெட்ஃபோன் வேண்டாம். இது கூட்டமாகக் கேட்கச் செய்த இசை.

படி 5: கேட்பது

ஆளுக்கு ஓர் ஆல்பம் முன்மொழியலாம், மொத்தம் ஐந்துக்கு மேல் போக வேண்டாம். இவை பெரும்பாலும் அரை மணி அளவில் முடிகிற தட்டுகள். ஒவ்வொரு பக்கத்தையும் முழுக்க ஓட விடுங்கள். ஓடும்போது பேச்சு இல்லை.

எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு: பதிவு செய்த கருவிகள் திணறுவதைக் கவனியுங்கள். சோனிக்ஸ் பதிவில் மொத்த டிரம்ஸுக்கும் ஒரே மைக். 'சைக்கோ' பாட்டின் தொடக்கத்தில் டிரம்மர் பாப் பென்னெட் அடிக்கும் அடி அந்த மைக்கைத் தாண்டி உடைந்து வருகிறது. அதன்மேல் பாடகர் ஜெர்ரி ரோஸ்லியின் அலறல். எங்கள் கூட்டத்தில் போட் எஞ்சின் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், இங்கிலீஷ் பாட்டு பக்கமே போகாதவர். அதைக் கேட்டதும், "தம்பி, இது மைக்கு தாங்காத சத்தம்டா, ஆனா டைமிங் ஒரு இடத்துலயும் தப்பலை பாரு" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

வரிகள் புரிய வேண்டிய அவசியமில்லை. விஷயம் என்ன என்று ஒரு வரியில் சொன்னால் போதும். சோனிக்ஸின் 'ஸ்ட்ரிக்னைன்' பாட்டில் ஒருவன் தண்ணீரும் வேண்டாம், ஒயினும் வேண்டாம், ஸ்ட்ரிக்னைன் கொடு என்கிறான். அது எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷம். 'எட்டி பழுத்தென்ன' என்று பழமொழி சொல்லி வளர்ந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

படி 6: வாதம்

ஒரே விதி. முன்மொழிந்தவர் தன் ஆல்பத்துக்காகப் பேசக் கூடாது. சீட்டுக் குலுக்கி, வேறொருவர் முன்மொழிந்ததற்காக அவர் பேச வேண்டும். பிடிக்காத தட்டில் நல்லதைத் தேடும்போதுதான் காது திறக்கிறது.

எங்களிடம் நன்றாக நின்ற வாதங்கள் சில. சோனிக்ஸுக்கு எதிராக: 12இல் 8 மற்றவர்கள் பாட்டு. அதற்குப் பதில்: ரிச்சர்டு பெர்ரியின் 'ஹேவ் லவ் வில் டிராவல்' பாட்டை இன்று உலகம் சோனிக்ஸ் வடிவத்தில்தானே அறிகிறது? மங்க்ஸ் குழுவின் 'பிளாக் மங்க் டைம்', 1966: ஜெர்மனியில் இருந்த முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள், தலையில் துறவிகள் போல வட்டமாக மழித்துக்கொண்டு, பான்ஜோவுக்கு மின்சாரம் கொடுத்து அதைத் தாளக் கருவியாக அடித்தார்கள். 12 பாட்டும் சொந்தம். சொந்தச் சரக்குக்கு மதிப்பென்றால் இதை அசைக்க முடியாது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'எலிஃபன்ட்', 2003: லண்டன் டோ ராக் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் தொடாமல் எட்டு டிராக் டேப்பில் பதிந்தது. 'செவன் நேஷன் ஆர்மி'யில் பேஸ் கிட்டார் என்று எல்லோரும் நினைப்பது, பெடல் போட்டுச் சுருதி இறக்கிய சாதாரண கிட்டார்தான்.

என் ஓட்டு 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்துக்கு. ஸ்டூடியோவில் மேடைக் கச்சேரி போலவே நின்று வாசித்துப் பதிந்தது. இரண்டாம் பக்கம் '1970' பாட்டில் ஸ்டீவ் மெக்கேயின் சாக்ஸபோன் உள்ளே நுழையும் இடத்துக்காகவே அந்த முதல் பக்கம் முழுவதும் காத்திருப்பது போல எனக்குத் தோன்றும். 7 பாட்டுதான், ஒன்றைக்கூட எடுக்க முடியாது. அது கராஜா, பங்க்கின் தொடக்கமா என்று கேட்பவர்கள் படி 1க்குப் போகவும்.

படி 7: மதிப்பெண்

கையை உயர்த்தச் சொல்லாதீர்கள், மூத்தவர் கை போகிற பக்கம் மற்றக் கைகளும் போகும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, ஐந்து ஆல்பத்துக்கும் 5, 4, 3, 2, 1 என்று வரிசை. கூட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு எனக்குப் பிடிக்காது. அதில் கேட்காதவர்களும் அழுத்திவிடுவார்கள்.

பின்னர் சேர்த்தது

தனுஷ்கோடிப் பக்கம் வைத்துப் பார்த்தவர்கள் பாட்டு ஓடவில்லை என்று எழுதியிருந்தார்கள். அங்கே போன் இலங்கை டவரைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்துவிட்டு, எல்லா ஆல்பங்களையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

வளைகுடாவில் இருக்கும் கீழக்கரைத் தம்பி ஒருவர் போன் வழியாகக் கலந்துகொள்ளலாமா என்று கேட்டார். போன் வழியாக இசையைக் கேட்க வேண்டாம், குரலுக்காகச் செய்த வசதி டிரம்ஸை மென்று துப்பிவிடும். அதே பதிப்பின் இணைப்பை அனுப்பி, அங்கே தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். வாதத்துக்கு மட்டும் அழையுங்கள்.

பெரு நாட்டின் லாஸ் சைக்கோஸை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவருக்கு: அவர்கள் அந்தக் காலத்தில் வெளியிட்டது சிங்கிள்கள் மட்டும், ஆல்பம் இல்லை. நம் நாட்டின் சிம்லா பீட் போட்டித் தட்டுகள், 1970, 1971, பல குழுக்களின் தொகுப்பு என்பதால் அவையும் போட்டிக்குள் வராது. இரண்டையும் சீட்டு எண்ணும் நேரத்தில் ஓட விடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அடுத்த அமர்வைச் சிங்கிள்களுக்கு என்றே ஒதுக்கிவிட்டோம்.