டெஃப்லானை அகற்றும்போது செய்யக்கூடாதவை

குழாய்களை இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சில், கசிவைத் தடுக்க வைத்த பழைய டெஃப்லான் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டால் பலரும் முதலில் தேடுவது தின்னர் டப்பாவை. அது போதாவிட்டால் ஆசிட். இரண்டும் வீண்வேலை. பி.டி.எஃப்.இ. என்கிற டெஃப்லானைச் சாதாரண வெப்பநிலையில் கரைக்கும் திரவம் எதுவும் கிடையாது. ஆசிட் கடத்தும் குழாய்களுக்கு உள்பூச்சாக அதைப் போடுவதே அதனால்தான். ஆசிட் ஊற்றினால் அரிப்பது ஃபிளேஞ்சையும் உங்கள் கையையும்தான். டெஃப்லான் மென்மையான பொருள். கூரான பிளேடோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும், உரித்துவிடலாம்.

அடுத்த தவறு இதைவிட மோசம்: தீ காட்டுவது. டெஃப்லான் டேப் சுற்றிய இறுகிய ஜாயின்ட்டை புளோ டார்ச்சால் சுடுவது, டெஃப்லான் உறை போட்ட வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது, உள்பூச்சை அகற்றாமலே குழாயை வெல்டிங் செய்வது எல்லாம் இதில் சேரும். 260 டிகிரி செல்சியஸ் வரை டெஃப்லான் தாங்கும். 350 தாண்டினால் சிதைவு வேகம் பிடிக்கும், டார்ச் சுவாலையோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். அப்போது வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும்; சூடு கூடும்போது பெர்ஃப்ளூரோஐசோபியூட்டிலீன் என்ற கொடிய நச்சு வாயுவும் சேரும். சுவாசித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். ஃப்ளூ காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும், ஆனால் நுரையீரலில் நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போங்கள், எதன் புகை என்பதையும் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். டெஃப்லானைத் தேய்த்த தூள் விரலில் இருந்து சிகரெட்டில் ஒட்டி, கங்கின் சூட்டில் சிதைந்து நேராக நுரையீரலுக்குள் போகும். இப்படிக் காய்ச்சல் கண்ட தொழிலாளர்கள் உண்டு. வேலை முடிந்ததும் கை கழுவாமல் பற்ற வைக்காதீர்கள். தூளை அமுக்கக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

'விட்டான்' (Viton) என்ற ஃப்ளூரின் ரப்பரில் செய்த ஓ-ரிங், அதாவது கசிவு தடுக்கும் வளையம், டெஃப்லானின் நெருங்கிய உறவு. தீப்பிடித்த எஞ்சினைப் பிரிக்கும்போது அது கருகிப் பிசுபிசுப்பாக இருந்தால் வெறுங்கையால் தொடக்கூடாது. அதில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கலாம், எரிச்சல் தாமதமாகவே தெரியும். பட்டுவிட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

'டெஃப்லானை உடைக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வரும் செய்திகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 2022இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் காஸ்டிக் சோடா கொண்டு சிதைத்தது, தண்ணீரில் கலக்கும் சில ஃப்ளூரின் மாசுகளை, டெஃப்லானை அல்ல. சோடியம் உலோகத்தோடு அரைத்து டெஃப்லானைச் சிதைக்கும் முறை ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் சோடியம் தண்ணீர் பட்டாலே பற்றும் சரக்கு, பட்டறையில் செய்து பார்க்கும் விஷயமே இல்லை.

அப்புறம் கழிவு. சுத்தமான டெஃப்லான் துண்டுகளைத் தனியாகச் சேர்த்தால் மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் உண்டு. கதிர்வீச்சில் நொறுக்கி, மை, மசகுப் பொருட்களில் சேர்க்கும் நுண்தூளாக்குவார்கள். அழுக்கானதை, வெளியேறும் அமில வாயுவைக் கழுவிப் பிடிக்கும் வசதியுள்ள எரியுலைக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். டெஃப்லான் வயரைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன், அவர்கள் உரிக்கிறார்களா கொளுத்துகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.